உதைபந்தும் உடைமையும்

கலை இலக்கியம் பேசும் ஏடொன்றிலே உதைபந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் நம்மிடையே உளர். அவர்களுட் சிலர் ஒருபடி மேலே சென்று, உழைக்கும் மக்களை மயக்கத்தில் ஆழ்த்தும் போதைப்பொருளே அது என்று தீர்ப்பும் வழங்கிவிடுகின்றனர். நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பிய ஆட்டங்களைப் பார்த்து வருபவன். அதனால் எனக்கு ஏற்பட்ட நட்டம் நித்திரை ஒன்றுதான். அது போதைதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியாயின் அதை வடிப்பவர் யார், விற்பவர் யார், அந்த விற்பனையில் நமது ஊருக்கு என்ன பங்கு என்று கேட்க வேண்டாமா? இந்தக் கேள்வியை என்னிடம் எழுப்பியது புத்தகம் ஒன்றும் அல்ல. பாடசாலை வாயிலில் ஒரு மாணவன் சொன்ன ஒரு சொல்.

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி காலை. சிவந்த கண்களோடு வந்த அந்தப் பையன் என்னைக் கண்டதும், "நாம தோத்திட்டம் சேர். மூண்டுக்கு ஒண்டு. எம்பாப்பே தனிய மூண்டையும் அடிச்சிட்டான்" என்றான். முதல் நாள் இரவு மட்ரிட் நகரிலே ரியல் மட்ரிட் கழகத்திடம் மன்செஸ்டர் சிட்டி தோற்றுச் சம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேறியிருந்தது. அங்கே இரவு ஆட்டம். நமக்கு அது அதிகாலை ஒன்றரை மணி. பெரும்போக நெல் விளைந்து நிற்கும் காலம். யானைக்குக் காவலிருக்கும் மாமனோடு பரணில் ஏறி, கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைச் சாக்கினால் மறைத்துக்கொண்டு அவன் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கிறான்.

கரடியனாற்றை அறியாதோருக்கு ஒரு வார்த்தை. செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் வீதியில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, ஏறாவூர்ப்பற்றின் உட்புறத்தே உள்ள வயல்நாட்டு ஊர் இது. உறுகாமம், உன்னிச்சை முதலிய குளங்களை நம்பி வாழும் பிரதேசம். 2007இல் போரினால் இப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்தபின் வீடு வேய்ந்த கையோடு இளைஞர்கள் செய்த வேலைகளில் ஒன்று, இரண்டு கம்பு நட்டுப் பந்து உதைத்தது. அந்தப் பையனின் தாயார் பல ஆண்டுகளாக அபுதாபியில் ஒரு வீட்டிலே பணிப்பெண். அவர் அனுப்பிய வான்நீலச் சட்டையைத்தான் மாலையில் அவன் அணிந்து வருவான். அதன் நெஞ்சிலே அபுதாபியின் விமான நிறுவனமான ‘எதிஹாட்’ என்ற பெயர் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தக் கழகத்தின் உடைமையாளர் 2008 முதல் அபுதாபி அரச குடும்பத்தவரான ஷேக் மன்சூர். தாய் உழைப்பதும், மகன் நித்திரை முழிப்பதும் ஒரே நாட்டுச் செல்வத்தின் நிழலிலேதான். இது எனக்கு உறைக்க நெடுநாள் சென்றது. அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை. உறைக்க வேண்டும் என்று நான் அவசரப்படவும் இல்லை.

"நாம தோத்திட்டம்." இந்த ‘நாம்’ யார்? நகைக்கத்தக்க கேள்வி அல்ல இது. மன்செஸ்டரில் மூன்று தலைமுறையாக மைதானத்துக்குப் போகும் குடும்பமொன்றைச் சேர்ந்தவனும் இதே சொல்லைத்தான் சொல்கிறான். அவனுடைய ‘நாம்’ மெய்யென்றும் நமது பையனுடைய ‘நாம்’ மயக்கமென்றும் கொள்வது இலகு. ஆனால் வரலாற்றைச் சற்றுப் புரட்டினால் இருவரும் ஏறக்குறைய ஒரே இடத்திலே நிற்பதைக் காணலாம்.

இங்கிலாந்தின் பெருங்கழகங்களைத் தோற்றுவித்தோர் செல்வந்தர் அல்லர். இன்றைய மன்செஸ்டர் யுனைற்றட், 1878இல் நியூட்டன் ஹீத் என்னுமிடத்துப் புகையிரதத் தொழிலாளர் தொடங்கிய அணி. ஆர்சனல், 1886இல் வூல்விச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர் கூடி அமைத்தது. வெஸ்ற் ஹாம், தேம்ஸ் நதிக்கரையில் கப்பல் கட்டியவர்களின் கழகமாக 1895இல் பிறந்தது. நமது பையனின் மன்செஸ்டர் சிட்டியும் 1880இல் கோர்ட்டன் என்னும் வறிய பகுதியின் தேவாலயமொன்றைச் சார்ந்து எழுந்ததே. சனிக்கிழமை அரைநாள் விடுமுறையைப் போராடிப் பெற்ற வர்க்கம் அந்த அரைநாளை நிரப்பிய விதம் அது. பின்னர் அவை கம்பனிகளாகப் பதியப்பட்டன; உள்ளூர் வியாபாரிகள் பங்குகளை வாங்கினர். ஆயினும் ஒரு தடை இருந்தது. பங்குலாபத்துக்கு உச்சவரம்பு விதித்தும், இயக்குநர்கள் சம்பளம் பெறலாகாது என்று கூறியும் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் ஒரு விதியை நெடுங்காலம் வைத்திருந்தது. கழகம் பணம் பண்ணும் கருவியன்று என்பதே அவ்விதியின் உட்பொருள். 1983இல் டொட்டன்ஹாம் கழகம் தனக்கு மேலே இன்னொரு கம்பனியை நிறுவி, அந்தக் கம்பனியின் பங்குகளைச் சந்தையிலே விற்றது. விதி கழகத்தைக் கட்டுப்படுத்தியது. மேலே இருந்த கம்பனியைக் கட்டுப்படுத்தவில்லை. சங்கமும் கண்ணை மூடிக்கொண்டது. 1992இல் பிரீமியர் லீக் பிரிந்து சென்று தொலைக்காட்சிப் பணத்தைத் தன்வசமாக்கியபோது, செய்ய வேண்டிய பெரிய காரியம் ஏற்கெனவே செய்து முடிக்கப்பட்டிருந்தது.

மட்டக்களப்பு வாசகருக்கு இதனை விளக்க அதிக சொற்கள் தேவையில்லை. வட்டையிலே உழுது விதைத்துக் காவல் காத்தவன் முல்லைக்காரன், நெல் போடியாருடையது. போடியாராவது அறுவடைக் காலத்தில் வண்டி கட்டிக்கொண்டு வாடிக்கு வருவார்; களத்திலே குந்துவார்; விளைச்சல் பொய்த்தால் அவருக்கும் வயிறு எரியும். 2005இல் மன்செஸ்டர் யுனைற்றட்டை வாங்கிய அமெரிக்கக் குடும்பம் அந்த அளவுக்கும் சிரமப்படவில்லை. கழகத்தை வாங்குவதற்குப் பட்ட கடனில் பெரும்பகுதியைக் கழகத்தின் தலையிலேயே கட்டிவிட்டது. காணியை வாங்கிய கடனுக்கு முல்லைக்காரன் வட்டி கட்டுவது போன்ற ஏற்பாடு இது. நமது பழைய போடிமாருக்கு இந்த உபாயம் தோன்றாமற் போனது முல்லைக்காரர் செய்த புண்ணியம் என்றே சொல்ல வேண்டும். அந்த ஆண்டிலேயே மனம் வெறுத்த இரசிகர் சிலர் பிரிந்து சென்று, உறுப்பினர்களுக்கே உடைமையான எவ். சி. யுனைற்றட் ஒவ் மன்செஸ்டர் என்னும் சிறு கழகத்தை உருவாக்கினர். பெரும்பாலோர் பழைய மைதானத்துக்கே போயினர். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிறந்த ஊர் கடனில் மூழ்கினால் ஊரை விட்டா போய்விடுகிறோம்?

சிறு கழகங்களின் கதை வேறு. 1885இல் தோன்றிய பெரி என்னும் நகரத்துக் கழகம், உடைமையாளரின் நிதிச் சீர்கேட்டினால் 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. அது அப்போது மூன்றாம் படிநிலையில் இருந்தது. வேல்ஸில் வளர்ந்த தமிழ் இளைஞர் விமல் யோகநாதன் 2024 ஆகஸ்டிலே முதன்முறையாகத் தொழில்முறை ஆட்டத்தில் இறங்கிய பார்ன்ஸ்லிக் கழகமும் அப்பருவத்தில் அதே படிநிலையிலேதான் ஆடியது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நகரம் அது. அன்று நமது பையன்கள் அவருடைய படத்தைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்து மகிழ்ந்தனர். அத்தகைய இளைஞர் காலூன்றும் படிகள் இவை. மேல்மாடி அலங்கரிக்கப்படும்போது இந்தப் படிகளைத்தான் கழற்றி விற்கிறார்கள்.

2021 ஏப்ரல் 18ஆந் திகதி, ஐரோப்பாவின் பன்னிரண்டு பெருங்கழகங்கள் தமக்கென்று ஒரு ‘சுப்பர் லீக்’கை அறிவித்தன. நிறுவியவை தோற்றாலும் கீழிறங்க மாட்டா. பிறப்பினால் வரும் உயர்வு! சாதி அமைப்பை அறிந்த நமக்கு இத்திட்டம் புதிதாகத் தோன்றாது. இங்கிலாந்து இரசிகர்கள் வீதிக்கு வந்தனர். மூன்று நாட்களுக்குள் ஆறு ஆங்கிலக் கழகங்களும் பின்வாங்கின. அடுத்த மாதம் மன்செஸ்டர் யுனைற்றட்டின் மைதானத்துக்குள் மக்கள் புகுந்ததால் லிவர்பூலுடனான ஆட்டமே ஒத்திவைக்கப்பட்டது. முன்னரும் இப்படி நடந்ததுண்டு. 2016இல் லிவர்பூல் கழகம் சில இருக்கைகளுக்கு 77 பவுண் விலை வைத்தபோது, ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியேறினர். அவர்கள் எழும்போது லிவர்பூல் இரண்டு கோல்களால் முன்னணியில் நின்றது. முடிவில் ஆட்டம் சமநிலை. விலையுயர்வு கைவிடப்பட்டது.

இவற்றைக் கண்டு நாம் உவகை கொள்வது நியாயமே. ஆனால் விமர்சகன் அங்கே நின்றுவிடலாகாது. 2021 ஏப்ரலில் உடைமையாளரின் பேராசையை எதிர்த்துக் குரலெழுந்த அதே நாட்டில், அக்டோபரில் நியூகாசில் கழகத்தின் 80 வீதத்தைச் சவூதி அரசின் முதலீட்டு நிதியம் வாங்கியது. நகரத்து இரசிகர்கள் மைதான வாயிலில் ஆடிப் பாடினர். சிலர் அரபு உடையைப் போலச் செய்து அணிந்து வந்தனர். முந்திய உடைமையாளர் கருமி, புதியவர் செலவழிப்பார். அவ்வளவே கணக்கு. நல்ல எஜமானை வேண்டுவது வேறு, எஜமானே வேண்டாமென்பது வேறு. ஐரோப்பிய இரசிகனின் கிளர்ச்சியில் இவ்விரண்டும் கலந்தே கிடக்கின்றன.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வாசகர் வந்துவிடலாகாது. ஏறாவூரும் காத்தான்குடியும் அயலிலிருக்க வாழும் நாம் இதை அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். உடைமையாளர் அரபியர் என்பது குற்றச்சாட்டு அன்று. மன்செஸ்டர் யுனைற்றட்டைக் கடனில் அமிழ்த்தியோர் அமெரிக்கர். 2003இல் செல்சியை வாங்கியவர் ரஷ்யர். பெரிக் கழகம் அழிந்தது ஆங்கிலேயர் கையில். மூலதனத்துக்கு மதமும் இல்லை, தாய்மொழியும் இல்லை. வளைகுடாப் பணத்தைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வியை நியூகாசில் இரசிகன் கேட்க மாட்டான். கேட்பதற்கு அவனுக்குக் காரணமும் இல்லை. அது நமது கேள்வி.

2010இல் உலகக் கிண்ணப் போட்டி கட்டாருக்கு வழங்கப்பட்டது. 2011இல் கட்டார் அரச நிதியம் பரிஸ் சென் ஜேர்மன் கழகத்தைக் கைப்பற்றியது. 2017இல் நெய்மார் என்ற ஒரே வீரருக்காக அக்கழகம் 222 மில்லியன் யூரோவைச் செலுத்தியது. 2021 பெப்ரவரியில் ‘கார்டியன்’ பத்திரிகை ஒரு கணக்கை வெளியிட்டது. முந்திய பத்தாண்டுகளில் கட்டாரில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்காளதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளின் தொழிலாளர் 6,500க்கு மேற்பட்டோர் இறந்தனர் என்றும், அவர்களுள் 557 பேர் இலங்கையர் என்றும் அது கூறியது. எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணங்களின் தொகை அது. மைதான வேலையில் இறந்தோரின் தொகை அல்ல. தொழிலாளரின் பெருந்தொகையை நோக்க இது எதிர்பார்க்கத்தக்க அளவே என்று கட்டார் அரசு வாதிட்டது. வாதிடட்டும். இளவயதிலே உடல்நலச் சான்றிதழ் பெற்றுப் போனவன் ‘இயற்கை மரணம்’ என்ற தாளோடு பெட்டியில் திரும்பி வரும்போது, அத்தாளை வாசிக்கத் தெரிந்த ஆசிரியர்களாகிய நமக்கு அது போதுமான விளக்கமாகத் தோன்றுவதில்லை. தொழிலாளியின் வதிவிட உரிமையை எஜமானின் கையிலே ஒப்படைத்த கபாலா முறையிற் பின்னர் திருத்தங்கள் வந்தன. அத்திருத்தங்களைக்கூட உலகக் கிண்ணத்தின்மீது விழுந்த வெளிச்சம்தான் விரைவுபடுத்தியது. போதை என்று கைகழுவும் நண்பர்கள் இதனையும் மனங்கொள்ளல் வேண்டும்.

2034ஆம் ஆண்டுப் போட்டியைச் சவூதி அரேபியாவுக்கு வழங்கும் முடிவு 2024 டிசம்பர் 11இல் எவ்வாறு எடுக்கப்பட்டது? வேறு போட்டியாளர் இல்லை. திரைவழி கூடிய பீபா மாநாட்டில் பிரதிநிதிகள் கைதட்ட, தீர்மானம் நிறைவேறியது. நோர்வே மாத்திரம் நடைமுறை சரியில்லை என்று முன்கூட்டியே எழுதித் தெரிவித்தது. 211 சங்கங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு. ஜேர்மனிக்குரிய வாக்கே இலங்கைக்கும். அந்த வாக்கு நமது பெயரால் அளிக்கப்படுகிறது. நமது பெயரை அதற்குக் கொடுத்தது யார்?

இனி ஆடுவோனைப் பற்றி. கோடி கோடியாகச் சம்பளம் பெறுபவன் களைப்பைப் பற்றிப் பேசலாமா என்று நமது தோழர்களே எள்ளி நகையாடக் கேட்டிருக்கிறேன். வாரத்துக்கு 20 பவுணுக்கு மேல் சம்பளமில்லை என்ற உச்சவரம்பை 1961இல் வேலைநிறுத்த எச்சரிக்கையினால் உடைத்தவர்கள் ஆங்கில வீரர்கள். ஒப்பந்தம் முடிந்தபின்னரும் வீரனைப் பழைய கழகத்துக்கே கட்டிவைத்த முறையை நீதிமன்றம் சென்று 1995 டிசம்பரில் தகர்த்தவர் பெல்ஜியத்தின் பொஸ்மன். அவர் பெரிய நட்சத்திரமும் அல்லர். 2024 செப்டெம்பரில் மன்செஸ்டர் சிட்டியின் றொட்றி, ஆட்டங்களின் எண்ணிக்கை இப்படியே பெருகினால் வீரர் வேலைநிறுத்தம் தொலைவில் இல்லை என்றார். சில நாட்களுக்குள் முழங்கால் தசைநார் அறுந்து அப்பருவத்தின் பெரும்பகுதியை இழந்தார். (நமது பையனின் பெப்ரவரித் துயரத்துக்கு அதுவும் ஒரு காரணம்.) சம்பியன்ஸ் லீக் அவ்வாண்டிலேதான் 36 கழகங்களுக்கு விரிந்தது, 2025 கோடையில் 32 கழகங்களின் உலகக் கிண்ணமும் அதனோடு சேர்ந்தது. சம்பளம் உயர்ந்தது என்பதால் உடலுக்கு மேலதிகமாக ஒரு முழங்கால் முளைத்துவிடுவதில்லை.

காணொளி உதவி மத்தியஸ்தர் பற்றிய சர்ச்சையைப் பலர் தொழில்நுட்பச் சர்ச்சையாகவே எழுதுகின்றனர். இரசிகன் என்ற முறையில் என் முறைப்பாடு வேறு. கோல் விழும் கணமே இவ்வாட்டத்தின் உச்சம். தொண்ணூறு நிமிட வறட்சிக்குப் பெய்யும் மழை அது. அந்தக் கணத்திலே மக்கள் எழுந்து கூவிவிட்டு, பின்னர் மூன்று நிமிடம் வாயடைத்து நின்று, எங்கோ ஓர் அறையில் யாரோ கோடு கீறி முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள். பிழையான தீர்ப்புகள் குறைந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாருக்காக இந்த நுட்பம்? கோடிக்கணக்கான பணம் ஒரு தீர்ப்பிலே தொங்கும்போது முதலீட்டாளனுக்கு நிச்சயம் தேவைப்படுகிறது. மைதானத்தில் நிற்பவனுக்குக் கணம் தேவைப்படுகிறது. இங்கிலாந்தில் 2024இல் அதைக் கைவிடும் பிரேரணையைக் கழகங்கள் பத்தொன்பதுக்கு ஒன்று என்று நிராகரித்தன. அதே ஆண்டில் சுவீடனின் கழகங்கள் அதனை ஏற்க மறுத்தன. சுவீடனில் கழக வாக்குகளிற் பெரும்பான்மை உறுப்பினர் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. உறுப்பினர்கள் தத்தம் கூட்டங்களிலே வேண்டாமென்றனர். ஒரே கருவி, ஒரே ஆட்டம். கேட்கப்பட்டவர்கள்தாம் வேறு.

ஜேர்மனியிலும் ஏறத்தாழ இத்தகைய விதி உண்டு. 2024 பெப்ரவரியில் லீக்கின் ஊடக வருமானத்தில் ஒரு பங்கை இருபது ஆண்டுகளுக்குத் தனியார் முதலீட்டு நிறுவனமொன்றுக்கு விற்கும் ஏற்பாடு நடந்தது. இரசிகர்கள் என்ன செய்தார்கள்? டென்னிஸ் பந்துகளையும், பொன்தாளிற் சுற்றிய சொக்லேட் நாணயங்களையும் ஆட்டக்களத்தில் வீசினர். வாரக்கணக்கில் ஆட்டங்கள் தடைப்பட்டன. வீரர்கள் குனிந்து பந்து பொறுக்கினர். ஒருவருக்கும் காயமில்லை; லீக் விற்பனையைக் கைவிட்டது. இவ்வளவு நயமான போராட்டத்தை அண்மைக்காலத்தில் நான் கண்டதில்லை. ஆயினும் ஜேர்மனியைச் சொர்க்கமென்று வருணிப்போரோடு எனக்கு உடன்பாடில்லை. 2013 முதல் 2023 வரை பதினொரு முறை தொடர்ந்து பயேர்ன் மியூனிக்கே வெற்றி பெற்றது. லைப்சிக்கில் பானக் கம்பனியொன்று உறுப்பினர் தொகையைச் சுருக்கி வைத்து விதியின் உயிரை உறிஞ்சியது. ஆனால் அதே பயேர்ன் கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே, கட்டார் விமான நிறுவனத்தின் விளம்பர ஒப்பந்தத்தை எதிர்த்து உறுப்பினர்கள் எழுந்து நின்று கூச்சலிட்டனர்; மேடையில் இருந்தோர் தடுமாறினர். 2023இல் அவ்வொப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கட்டாரின் தொழிலாளருக்காகச் சிலரேனும் எழுந்தார்கள். எழுவதற்கு அவர்களுக்கு ஒரு கூட்டம் இருந்தது. கையில் உறுப்புரிமை அட்டை இருந்தது.

நம் நாட்டு நிலை என்ன? ஐரோப்பிய சுப்பர் லீக் எழுந்து விழுந்த 2021ஆம் ஆண்டிலேதான் இலங்கையின் சுப்பர் லீக்கும் தொடங்கிற்று. பத்துக் கழகங்கள், அவற்றுள் மூன்று முப்படையின் அணிகள். வடக்குக் கிழக்கிலிருந்து ஒன்றேனும் இல்லை. 2023 ஜனவரியில் வெளியார் தலையீட்டைக் காரணங்காட்டி பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்டில் தடை நீங்கியது. இடைப்பட்ட மாதங்களில் எங்கள் வயல்வெளி ஆட்டம் ஒருநாளும் நிற்கவில்லை. மேலே நடந்தது இங்கே தெரியவில்லை என்பதே அதற்குக் காரணம், பெருமைப்பட ஏதுமில்லை.

அறுவடை முடிந்து ஒட்டு காய்ந்த ஒரு ஞாயிறு மாலை, எங்கள் ஊர்க் கழகமொன்றின் வருடாந்தக் கூட்டம் மரத்தடியில் நடந்தது. வீட்டுக்கு வீடு சேர்த்த காசுக்குப் பொருளாளர் கொப்பியைப் பார்த்துக் கணக்கு வாசித்தார்: பந்து இரண்டு, சுண்ணாம்பு, வலை, கயிறு. வான்நீலச் சட்டைக்காரன் பின்வரிசையிலிருந்து எழுந்தான். "கயித்துக்கு எண்ணூறு ரூபாயா அண்ணன்? துண்டு எங்க?" என்றான். பொருளாளருக்கு முகம் சிவந்தது. கடைத்துண்டைத் தேடி வீட்டுக்கு ஆள் போனது. துண்டு வந்தது, தொகையும் சரியாகவே இருந்தது. அதற்குள் இருட்டிவிட்டதால் அன்றைக்கு ஆட்டம் நடக்கவில்லை.